சாலையோரப் பாத்தி

நெல் வயலில் சிலந்தி எண்ணுவதுதான் என் வேலை என்று சொன்னால், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பிறகு, அதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று கேட்பார்கள். தருகிறார்கள். டாக்டர் பட்டமும் தந்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பேருக்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்கிற முதல் ஆள் நான்தான். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று என் தம்பி கிண்டல் செய்வான். அவனுக்குப் பொறாமை.

எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருநாள் என்னோடு வயலில் இறங்கிப் பார்க்கட்டும். விடிந்ததும் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சிலந்திகள் தூருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு நெல் குத்தாகக் குனிந்து, தூரை லேசாகத் தட்டி, புகையான் எத்தனை, இலைச்சுருட்டுப் புழு எத்தனை, அவற்றைத் தின்ன வந்த சிலந்தி எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். நம் நிழல் குத்தின் மேல் விழுந்தால் பாதி ஓடிவிடும். நிழல் விழாமல் நிற்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பழகிய பிறகு என் கணக்கில் யாரும் குறை சொன்னதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில், பயிருக்கு மருந்து விற்கிற கடை ஒன்றில் அவர் முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். முதலாளி இல்லை, கவுண்டரில் நிற்பவர். மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் தோகையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். அப்பா அதை விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு இன்ன நோய் என்பார். சில சமயம், இதற்கு மருந்தே வேண்டாம், தண்ணீரை வடித்துவிடு போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். முதலாளிக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஆனால் அடுத்த முறையும் அந்த ஆள் அப்பாவைத் தேடித்தான் வருவார் என்பதால் முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்பாவின் சட்டையை அம்மா எங்கள் துணிகளோடு சேர்த்துத் துவைக்க மாட்டார். தனி வாளி, தனிக் கொடி. எத்தனை அலசினாலும் மருந்து வாடை போகாது. சின்ன வயதில், அப்பா கதவைத் திறக்கும்போதே அன்றைக்குக் கடையில் எந்தச் சரக்கு உடைந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் படிக்கப் போனதோ நேர் எதிரான படிப்பு. மருந்தே அடிக்காமல் பூச்சியைப் பூச்சியை வைத்தே அடக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. சிதம்பரத்தில் பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருந்தேன். எங்கள் துறையில் எல்லோரும் மருந்துக் கடைகளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், கடலூரில் வியாபாரம் என்று சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் இறங்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஆராய்ச்சிக்கு வயல் தந்தவர் லால்பேட்டைக்காரர். நானும் ஊரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். சம்பா பருவம். அவருடைய வயலைப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்தேன். நான்கு பாத்திகளில் வரப்பைச் சுற்றி எள்ளும் தட்டைப்பயறும் செண்டுமல்லியும் விதைத்து, நடுவில் கரிச்சான் குருவிகள் வந்து உட்காரக் குச்சி நட்டோம். பகலில் கரிச்சான் அந்துப்பூச்சியைப் பிடிக்கும், இருட்டியதும் அதே குச்சியில் கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். இன்னும் நான்கில் ஊர் வழக்கப்படி மருந்து. மீதி நான்கில் எதுவுமே செய்யக் கூடாது. பூவும் கிடையாது, மருந்தும் கிடையாது, பூச்சி வந்தால் வந்ததுதான். சும்மா விட்ட அந்தப் பாத்திகள் இருந்தால்தான் மற்ற இரண்டு வகையும் என்ன சாதித்தன என்று சொல்ல முடியும்.

பாய்க்கு இது பிடிக்கவில்லை. "மூணு புள்ளையில ரெண்டுக்குச் சோறு போட்டு ஒண்ணப் பட்டினி போடச் சொல்றியேம்மா" என்றார். எந்தப் பாத்திக்கு எது என்பதை நாமாகத் தீர்மானிக்கக் கூடாது, சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு சீட்டு எழுதி பாயின் வீட்டம்மாவையே எடுக்கச் சொன்னேன். காட்டுமன்னார்கோயில் சாலையை ஒட்டிய முதல் பாத்திக்கு, எதுவும் செய்யக் கூடாது என்ற சீட்டு வந்தது. ரோட்டில் போகிறவன் எல்லாம் பார்ப்பானே, இன்னொரு தரம் எடுக்கலாமா என்று பாய் கேட்டார். முடியாது என்றேன். சீட்டை மாற்றினால் அது ஆராய்ச்சியே இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரிம்மா, நீ படிச்சவ என்று எழுந்து போனார்.

நடவு முடிந்து ஒன்றரை மாதத்தில் இலைச்சுருட்டுப் புழு வந்தது. பூ வைத்த பாத்திகளில் சிலந்தியும் குளவியும் அதற்குள் குடியேறியிருந்தன, புழு தலையெடுக்கவில்லை. மருந்து அடித்த பாத்திகளும் தப்பித்தன. சும்மா விட்டவை நான்கும் வெளுத்தன. அதிலும் சாலையோரப் பாத்தி, சுண்ணாம்புத் தண்ணீரை வாரி இறைத்த மாதிரி தூரத்திலேயே தெரிந்தது. தொழுகைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, என்ன பாய், மருந்து வாங்க முடியலையா என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். என்னிடம் சொல்லும்போது பாய் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பாத்தி வெளுக்க வெளுக்க என் ஆராய்ச்சிக்கு பலம்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா, உன் வயலைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். எள் பூவில் உட்கார்ந்திருந்த, கடுகைவிடச் சின்ன குளவி ஒன்றைக் காட்டினேன். அது பூவில் தேன் குடித்துவிட்டுப் போய்ப் பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், புழு பிறப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும் என்றேன். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடையில் தோகையைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். சாலையோரப் பாத்திக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஓர் இலையைப் பிரித்து, உள்ளே இருந்த புழுவை விரலில் எடுத்து என்னிடம் நீட்டினார். தெரியும் அப்பா, வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறோம் என்றேன். சரி சரி என்றார். பேருந்தில் திரும்பும்போது அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கடலூரில் வீட்டில் இருந்தேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு எங்கள் வீட்டில் யாரும் தப்ப முடியாது. அன்றைக்கு அப்பா மட்டும் வரவில்லை. கடையில் சரக்கு இறங்குகிறது என்று விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டதாக அம்மா சொன்னார். முப்பது வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை சரக்கு இறங்கி நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வயலில் இறங்கினேன். சாலையோரப் பாத்தியில் முதல் குத்தில் சிலந்தி இல்லை. இரண்டாவதில் இல்லை. பத்துக் குத்துத் தட்டியும் ஒன்றுகூட இல்லை. என் நிழல்தான் விழுகிறதோ என்று பக்கம் மாறி நின்றும் பார்த்தேன். அப்புறம்தான் தண்ணீரைக் கவனித்தேன். காலை மடக்கிக்கொண்டு சிலந்திகள் மிதந்தன. சுருட்டிய இலையைப் பிரித்தால் உள்ளே புழு செத்துக் கறுத்திருந்தது. குனிந்து மூச்சை இழுத்தேன். எந்த மருந்து என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டுத் தனிக் கொடியின் வாடை.

பாய் மறைக்கவில்லை. "உங்க அப்பா வந்தாரும்மா. அவரே அடிச்சாரு. நாங்க சும்மா ஒத்தாசை பண்ணோம், தப்பா எடுத்துக்காத" என்றார். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடிக்கவில்லை. அப்படி ஒரு கோபம்.

அங்கிருந்து நேராகக் கடலூர் வந்தேன். அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். வாய்க்கு வந்ததைப் பேசினேன். இத்தனை மாச உழைப்பு, நீங்க யாரு உள்ள வர, உங்க கடை புத்தி போவுமா என்றெல்லாம் கேட்டேன். கடை புத்தி என்ற அந்தக் கடைசி வார்த்தை இன்னும் எனக்குள் உறுத்துகிறது. அப்பா சோற்றில் கை வைத்தபடி, "நான் பாத்துதாம்மா அடிச்சேன்" என்று ஆரம்பித்தார். பேசாதீங்க என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பல நாள் நானும் அவரிடம் பேசவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரி சுலபமான வழி ஒன்று சொன்னாள். மற்ற மூன்று சும்மா விட்ட பாத்திகளின் கணக்கைப் பார்த்து, நடுவாக ஒரு எண்ணைப் போட்டுவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் என் நெறியாளரிடம் போய், பாத்தி போய்விட்டது, யாரோ மருந்து அடித்துவிட்டார்கள் என்றேன். அந்தப் பாத்தியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு, நடந்ததை நடந்தபடி எழுது, அடுத்த சம்பாவில் மறுபடி பன்னிரண்டும் செய் என்றார் அந்த அம்மா. யார் அடித்தது என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர்க்காரர் ஒருவர் என்றேன்.

இரண்டாவது சம்பா ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. பூ வைத்த பாத்திகள் மருந்தே காணாமல், மருந்து அடித்தவற்றுக்கு ஈடாக விளைந்தன. அறுவடையன்று பாய் அந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, அல்ஹம்துலில்லா, அடுத்த வருஷம் பூராவும் வரப்புக்கு எள்ளுதான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டில் முதல் போகத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன்: ஆய்வாளர் அல்லாத ஒருவரால் மருந்து தெளிக்கப்பட்டதால் ஒரு பாத்தி நீக்கப்பட்டது. அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வு எங்கள் பக்கம் பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையோடு வருவார்கள், முடிந்ததும் சமோசாவும் தேநீரும் உண்டு. அம்மாவும் அப்பாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். அதற்குள் எங்களுக்குள் பேச்சு வார்த்தை திரும்பியிருந்தது. அந்தப் பாத்தியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தமிழர்தான். முதலில் எல்லாம் ஆங்கிலத்தில் நல்லபடியாகப் போனது. நான் கணக்குகளைக் காட்டக் காட்ட அவர் தலையாட்டினார். பிறகு ஆய்வேட்டைப் புரட்டி அந்த ஒற்றை வரியில் விரலை வைத்தார். யார் அடித்தது என்று எழுதவில்லையே என்றார். என்ன மருந்து, எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், எதுவும் இல்லையே என்றார். நான் மருந்தின் பேரைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். வாசனையை வைத்து என்றேன். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த வாசனை உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

கோபம் வந்தால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார் போல. "ஒருத்தர் உங்க வயல்ல புகுந்து மருந்து அடிச்சிட்டுப் போயிருக்கார். பக்கத்துப் பாத்தில அது படலைங்கிறதுக்கு என்ன சாட்சி? மீதிப் பதினொண்ணை நான் எப்படி நம்பறது?" என்றார். பக்கத்துப் பாத்திகளில் சிலந்தி எண்ணிக்கை குறையவில்லை என்று காட்டினேன். கொஞ்சமாகப் பட்டிருந்தால் அது எண்ணிக்கையில் தெரியாது என்றார். அவர் சொன்னது சரி. சாட்சி இல்லையென்றால் முதல் போகத்தை முழுக்க எடுத்துவிட்டு இன்னொரு சம்பா செய்து காட்டச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். இன்னொரு சம்பா என்றால் இன்னொரு வருடம். அத்தனை விடியற்காலையும் போனது போனதுதான். என் நெறியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கப்படி துறைத் தலைவர், வந்திருப்பவர்களில் யாராவது கேள்வி கேட்க விரும்புகிறீர்களா என்றார். வழக்கப்படி யாரும் கேட்க மாட்டார்கள். கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றார்.

"கேள்வி இல்லீங்க சார். அத அடிச்சது நான்தாங்க" என்றார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். அவர் உட்காரவில்லை. "ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணி இருக்கும். பவர் ஸ்ப்ரேயர் வாணாம்னுட்டேன், அது தூரமா போவும். கைமெஷினு, அரை டேங்குதான். காத்து அப்ப கெழக்கால இருந்து லேசா வந்துச்சி. ரெண்டு பக்கமும் தார்ப்பாய ஒசத்திப் புடிச்சிக்கினாங்க, ஒரு பக்கம் பாயி, ஒரு பக்கம் அவுங்க வூட்டம்மா. நான் குனிஞ்சி கீழாப்புல அடிச்சேன். மொதல்லியே மடைய மண்ணு போட்டு அடைச்சிட்டோம், அந்தத் தண்ணி ஒரு சொட்டு வெளிய போவல."

தேர்வாளர் பேனாவை எடுத்துக்கொண்டு, மருந்து ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்று கேட்டார். அப்பா சொன்னார். மெஷின் முனையில் மாட்டியது என்ன நாசில் என்று கேட்டார். அப்பா அதையும் சொல்லி, ஏன் மற்றது ஆகாது என்றும் சொன்னார். நீங்கள் யார் என்று கடைசியாகத்தான் கேட்டார். திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக் கடையில் நிற்பதாகவும், என் அப்பா என்றும் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்து அடிக்கத்தானே போனீர்கள், பிறகு எதற்குத் தார்ப்பாய் என்றார் தேர்வாளர்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். "பக்கத்துப் பாத்தி பூவு வெச்ச பாத்திங்க சார். அந்தப் பூவுக்கு வர்ற குளவி கடுகு கணக்கா இருக்கும், பட்டா செத்துடும். அது எம் பொண்ணு கஷ்டப்பட்டு வரவெச்சது. ரோட்டோரப் பாத்தி நோவு புடிச்சிக் கெடந்தது எனக்குப் பொறுக்கல, அதான் அடிச்சேன். தப்புதான். அவ மேல தப்பு இல்லீங்க."

நான் பாத்துதாம்மா அடிச்சேன் என்று அன்றைக்கு அவர் ஆரம்பித்தது இதைத்தான். சோற்றில் கை வைத்துக்கொண்டு சொல்ல வந்தவரை நான்தான் பேசவிடவில்லை. அங்கேயே, அத்தனை பேர் முன்னால், எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை முதலில், அப்புறம் வந்தது வெறும் பெருமை. அந்த அறையில் இருந்த அத்தனை பட்டதாரிகளிலும் ஒரு மருந்தை எங்கே விழ வேண்டுமோ அங்கே மட்டும் விழவைக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் என் அப்பா.

நான் மைக்கைப் பிடித்து, அந்த வாசனை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே, அது என் அப்பாவின் சட்டை வாசனை என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவர் சொன்னதுதாம்மா உங்க ஆய்வேட்டுல இல்லாத பாரா. அதைச் சேர்த்துக் குடுங்க, போதும்" என்றார். அரை மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். அம்மா சமோசா தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், என் பொண்ணு, என் பொண்ணு என்றார்.

அன்று மதியமே ஆய்வுக்கூடத்தில் கணினி முன் உட்கார்ந்து அந்தப் பாராவைச் சேர்த்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அடுத்த மேசைக்காரி அவருக்குத் தேநீர் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, தன் ரோஜாச் செடிக்கு என்ன வந்திருக்கிறது என்று போனில் படம் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அரை டேங்க் என்று அடித்ததை அவர் திரையில் பார்த்துவிட்டார். "அரை டேங்குன்னு போடாதம்மா. அஞ்சி லிட்டருன்னு போடு. படிக்கிறவங்களுக்கு வெளங்கணும்ல" என்றார்.

ஐந்து லிட்டர் என்று போட்டேன். தெளித்தவர் யார் என்ற இடத்தில், என் அப்பா என்று ஆங்கிலத்தில் அடித்தேன். ஆய்வேட்டில் அப்படி எழுதுகிற வழக்கம் இல்லை. நெறியாளர் படித்துப் பார்த்துவிட்டு அப்படியே கையெழுத்துப் போட்டார்.